ஈஸி மோட் வேண்டும், ஆனால் ஒற்றைப் பொத்தானாக வேண்டாம்

கடினமான கேம்களில் எளிய நிலை, அதாவது ஈஸி மோட், வேண்டுமா வேண்டாமா என்று செகிரோ என்ற வாள்சண்டை கேம் 2019 மார்ச்சில் வந்தபோது கிளம்பிய வாக்குவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2022-இல் எல்டன் ரிங் வந்தபோது ஒரு சுற்று, 2025 செப்டம்பரில் சில்க்சாங் வந்தபோது இன்னொரு சுற்று. பெங்களூரில் அல்சூரிலோ ராமமூர்த்தி நகரிலோ கேம் ஆடும் நம் பசங்க நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். “ஈஸி மோட் வெச்சா இவங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று ஒரு கட்சி. “கஷ்டப்பட்டு ஜெயிச்சாத்தான் மச்சி கெத்து, முடியலன்னா வேற கேம் ஆடு” என்று இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. கஷ்டம் என்பது கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரே ஒரு அளவு என்று இருவருமே நினைக்கிறார்கள். ஆனால் ஒரு பாஸிடம், அதாவது கட்டத்தின் பெரிய எதிரியிடம், நாம் தோற்பதற்குக் காரணங்கள் பல. அடி வருவதைப் பார்த்தும் கை எட்டாமல் போகலாம். கை எட்டும், ஆனால் வருவது எந்த அடி என்று புரியாமல் போகலாம். இரண்டும் சரியாக இருந்தும், மூன்றே அடியில் செத்துவிடுவதால் கற்றுக்கொள்ள அவகாசமே கிடைக்காமல் போகலாம். செத்த பிறகு பாஸ் இருக்கும் இடத்துக்குத் திரும்ப ஓடுவதிலேயே பொறுமை தீர்ந்துவிடலாம். நாலும் வேறு வேறு கஷ்டங்கள். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடினமான கேம்கள் எளிதாக்கும் வழியைத் தரத்தான் வேண்டும். ஆனால் ‘ஈஸி’ என்று ஒரு பொத்தானை வைத்து, அதற்குப் பின்னால் எதிரியின் ஹெச்பியை, அதாவது உயிர் அளவை, பாதியாக்கி, நம் மேல் விழும் டேமேஜையும் பாதியாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது அந்த கேமுக்கும் அதை ஆடுபவருக்கும் செய்யும் கெடுதல். ஈஸி மோடே கூடாது என்று சொல்பவர்களின் வாதத்துக்குப் பலம் கொடுப்பதே இப்படிச் சோம்பலாகச் செய்யப்பட்ட ஈஸி மோடுகள்தான்.

செகிரோவின் பாஸ்களில் ஒருவனான கெனிச்சிரோ ஆஷினாவைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஆஷினா கோட்டையின் உச்சியில் நடக்கும் சண்டை. அங்கே எதிரிக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று உயிர், இன்னொன்று போஸ்ச்சர் என்கிற நிலைகுலைவு. நாம் அடித்தாலும், அவன் அடியைச் சரியான நேரத்தில் தட்டிவிட்டாலும் போஸ்ச்சர் நிரம்பும். முழுதாக நிரம்பினால் ஒரே குத்தில் ஒரு கட்டம் முடிந்துவிடும். நாம் சும்மா நின்றால் அது வடியும். உயிர் நிறைய இருக்கும்போது வேகமாக வடியும், உயிர் குறையக் குறைய மெதுவாக வடியும். மொத்தச் சண்டையும் இந்த ஒரு இணைப்பின் மேல்தான் நிற்கிறது.

கெனிச்சிரோ எகிறிக் குதித்து மேலிருந்து வெட்டுவான். அதைத் தொடர்ந்து சிவப்பு அபாயக் குறி தோன்றும். அடுத்து வருவது நேராகக் குத்தும் அடியாக இருக்கலாம், காலை வாரும் வீச்சாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் குறி ஒன்றேதான். குத்து என்றால் அவனை நோக்கியே டாட்ஜ் (விலகும்) பொத்தானை அழுத்தி வாளை மிதிக்க வேண்டும், அதற்குப் பெயர் மிகிரி. வீச்சு என்றால் குதித்து, அவன் தலைமேல் இன்னொரு குதி. மாற்றிச் செய்தால் அடி நிச்சயம். குறியைப் பார்க்காமல் அவன் கையையும் வாளையும் பார்த்தால்தான் விடை தெரியும். அதுவரை கற்றுக்கொடுத்த அத்தனையையும் கேம் இந்த இடத்தில் கேள்வியாகக் கேட்கிறது.

இப்போது ஹெச்பியைப் பாதியாக்கிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு நாலு வெட்டு வெட்டினாலே உயிர் மளமளவென்று இறங்கும். உயிர் இறங்கியதால் போஸ்ச்சர் அவ்வளவாக வடியாது. குத்தா வீச்சா என்கிற கேள்விக்குப் பதிலே சொல்லாமல் கட்டம் முடிந்துவிடும். நம் மேல் விழும் டேமேஜும் பாதி என்றால் தப்பான பதிலுக்கும் பெரிய தண்டனை இல்லை. ஆடுபவர் சந்தோஷமாக மேலே போவார். போகப் போக அதே கேள்விகள் இன்னும் வேகமாக, இன்னும் கலந்து வரும். கடைசி பாஸ் இஷ்ஷினிடம் வந்து நிற்கும்போது கையில் எந்தப் பாடமும் இருக்காது. எளிதாக்குகிறேன் என்று தொடங்கியது கேமின் பின்பாதியை முன்பைவிடக் கஷ்டமாக்கிவிட்டது.

அதே சண்டையை 70 சதவீத வேகத்தில் ஓடவிடுங்கள். குத்தா வீச்சா என்கிற கேள்வி அப்படியே இருக்கிறது. போஸ்ச்சர் வடியும் விகிதம் அப்படியே, அடிகளின் வரிசை அப்படியே. 200 மில்லிநொடிக்குள் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சுமார் 286 மில்லிநொடி கிடைக்கிறது, அவ்வளவுதான். கை நடுங்குபவருக்கும், வயதானவருக்கும், கண்ட்ரோலரை இந்த வருடம்தான் முதல்முறை பிடிப்பவருக்கும் அந்த 86 மில்லிநொடிதான் தடையாக நின்றது. அதைக் கொடுத்தால் அவர்கள் அதே பாடத்தைப் படித்து அதே பாஸை ஜெயிக்கிறார்கள்.

இதைச் செய்து காட்டிய கேம் செலஸ்ட். 2018 ஜனவரியில் வந்தது. அதன் அசிஸ்ட் மோடில் வேகத்தை 100-இலிருந்து 50 சதவீதம் வரை பத்துப் பத்தாகக் குறைக்கலாம். சுவரைப் பிடித்துத் தொங்கும் ஸ்டாமினாவைத் தீராததாக்கலாம். காற்றில் டாஷ் செய்யும், அதாவது சட்டென்று பாயும், எண்ணிக்கையைக் கூட்டலாம். கடைசியாக, அடியே படாத நிலையும் உண்டு. எல்லாம் தனித்தனி ஸ்விட்ச். ஸ்டாமினா மட்டும் தொல்லை என்றால் அதை மட்டும் மாற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் இயல்பாக ஆடலாம். முதலில் அந்த மெனுவில், முதல் தடவை ஆடும்போது அசிஸ்ட் மோட் இல்லாமல் ஆடச்சொல்லி ஒரு பரிந்துரை இருந்தது. பிறகு அந்த வாசகத்தை மாற்றி எழுதினார்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் அதற்கு மெனக்கெட்டார்கள் பாருங்கள், அங்கேதான் அவர்கள் மேல் மரியாதை வருகிறது.

அசிஸ்ட் மோடைத் தொடாதவருக்கும் செலஸ்ட் ரகசியமாக உதவுகிறது. மேடையின் விளிம்பைத் தாண்டி 0.1 நொடி கழித்து ஜம்ப் அழுத்தினாலும் குதிக்கவிடும். தலை மூலையில் இடித்தால் 4 பிக்சல் வரை தானே ஒதுக்கிவிடும். “எனக்கு எந்த உதவியும் வேண்டாம், சுத்தமா ஆடுறேன்” என்று சொல்பவரும் இந்த உதவிகளின் மேல் நின்றுதான் ஆடுகிறார். உதவியே இல்லாத கேம் என்று ஒன்று கிடையாது. எவ்வளவு, எங்கே, வெளிப்படையாகவா மறைவாகவா என்பதுதான் வடிவமைப்பாளரின் தேர்வு.

ஹேடிஸ் போன வழி வேறு. 2020 செப்டம்பரில் முழு வெளியீடு வந்த அந்த கேமில் காட் மோடை ஆன் செய்தால் 20 சதவீதம் டேமேஜ் குறையும். ஒவ்வொரு சாவுக்கும் மேலும் 2 சதவீதம், உச்சவரம்பு 80. அதாவது 30 சாவுகளுக்குப் பிறகுதான் உச்சத்தைத் தொடும். 20 சதவீதக் குறைப்பில் நம் ஹெச்பி 1.25 மடங்குக்குச் சமம், 80 சதவீதத்தில் 5 மடங்குக்குச் சமம். தேவையான அளவு வந்தவுடன் ஜெயித்துவிடுவார்கள், அதற்கு மேல் ஏறாது. செத்துச் செத்துத் திரும்பி வருவதே கதையாக இருக்கும் கேமுக்கு இதைவிடப் பொருத்தமான எளிதாக்கம் எனக்குத் தோன்றவில்லை. இங்கே டேமேஜைக் குறைப்பது ஏன் வேலை செய்கிறது, செகிரோவில் ஏன் செய்யாது? ஹேடிஸில் ஒவ்வொரு ஓட்டத்திலும் வரங்கள் மாறும், ஒரே அடியை ஒரே விதமாகத் தட்டக் கற்றுக்கொடுக்கும் கேம் அது இல்லை. எதைக் குறைக்கலாம் என்பதை அந்தந்த கேமின் மையம் எது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கப்ஹெட் 2017-இல் இதைத் தவறாகச் செய்தது என்பது என் எண்ணம். அதன் சிம்பிள் மோடில் பாஸ்களின் சில கட்டங்களே வெட்டப்பட்டிருக்கும். நம்மைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கட்டங்கள்தான், ஆக பயிற்சிக்கும் அது உதவாது. சிம்பிளில் ஜெயித்தால் ஆன்ம ஒப்பந்தம் கிடைக்காது, கிடைக்காவிட்டால் இறுதிச் சண்டைக்குப் போக முடியாது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு இலை போடாமல் விட்ட மாதிரி.

இனி எண்கள். சில்க்சாங்கில் உயிரை முகமூடிகளாக எண்ணுவார்கள், ஆரம்பத்தில் 5 முகமூடி. பல பாஸ்கள் ஒரு அடிக்கு 2 எடுத்துவிடும், எனவே மூன்றாவது அடியில் சாவு. பட்டுநூலைச் செலவழித்துக் குணப்படுத்தினால் 3 திரும்பும், அதாவது ஒரு முறை குணமானால் ஒன்றரை அடிக்குத்தான் தாங்கும். இந்த 2-ஐ 1 ஆக்கினால் என்ன ஆகும்? மூன்றாவது அடியில் செத்தவர் ஐந்தாவது அடியில்தான் சாவார், இது நியாயமான உதவியாகத் தெரியும். ஆனால் குணப்படுத்தும் மதிப்பு ஒன்றரை அடியிலிருந்து மூன்று அடியாக, சரியாக இரட்டிப்பாகிவிடுகிறது. நூல் சேர்ந்ததும் குணப்படுத்திக்கொண்டே இருந்தால் போதும் என்கிற பழக்கம் வந்துவிடும், நூலை வைத்துச் செய்யும் தாக்குதல்களை யாரும் தொடமாட்டார்கள். முழு எண்களில் ஓடும் கேமில் ஒரே ஒரு எண்ணைத் தொட்டாலும் பக்கத்து எண்கள் இப்படிச் சாயும். அந்த கேமுக்கு டேமேஜைத் தொடாமல் ஆரம்ப உயிரை 5-இலிருந்து 7 ஆக்குவது மேல். நான்காவது அடியில்தான் சாவு, குணப்படுத்தும் கணக்கு மாறாது. அதைச் செய்த டீம் செர்ரி வெளியீட்டுக்குப் பின் சீக்கிரமே ஒரு பேட்ச் (திருத்தம்) விட்டு, ஆரம்பத்தில் வரும் மூர்விங், சிஸ்டர் ஸ்பிளின்டர் என்ற இரண்டு பாஸ்களைக் கொஞ்சம் தணித்தது. மொத்தத்தையும் தொடாமல் சரியாக வலிக்கிற இடத்தைத் தொட்டார்கள். அதுவும் ஒருவகை எளிதாக்கம்தான், அதனால் யாருடைய வெற்றியும் மதிப்பிழந்துவிடவில்லை.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு நான் மிக முக்கியமாகக் கருதுவது திரும்ப ஓடும் தொல்லையை. அவுட்டர் ரிங் ரோட்டில் ஊர்ந்து வீடு வந்து, சாப்பிட்டு உட்காரும்போது மணி ஒன்பதரை. கையில் இருப்பது ஒரு மணி நேரம். பாஸ் அறைக்குத் திரும்ப ஓட 90 நொடி, சண்டை 60 நொடி தாங்குகிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 24 முயற்சி. திரும்பும் நேரத்தை 10 நொடியாக்கினால் அதே ஒரு மணி நேரத்தில் 51 முயற்சி. பாஸின் ஒரு அடியைக்கூட மாற்றாமல் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இரட்டிப்புக்கு மேல் ஆகிறது. மணிக்கணக்கில் காசு கட்டி கேமிங் கஃபேயில் ஆடும் மாணவர்களுக்கு இது நேராகப் பணக் கணக்கு. முதல் ஓட்டத்தில் அந்தப் பாதைக்குப் பதற்றம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பத்தாவது ஓட்டத்தில் அது எதையும் கற்றுத்தருவதில்லை. செகிரோவைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேரே எல்டன் ரிங்கில் பாஸ் அறைகளுக்குப் பக்கத்தில், செத்தவர் அங்கேயே எழுந்துகொள்ள மரிக்காவின் கம்பங்களை நட்டு வைத்தது. அதே நிறுவனத்தின் பழைய டார்க் சோல்ஸ் கேமின் ஓட்டங்களை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய சலுகை என்று தெரியும்.

எதிர்க் கட்சியின் வாதத்தில் கனமானது ஒன்றுதான். எல்லோரும் ஒரே தடையைச் சந்தித்து, ஒரே அளவில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே டிஃபிகல்டி தேர்வு வைப்பதில்லை என்ற பொருளில் ஃப்ரம்சாஃப்ட்வேரின் தலைவர் மியாசாகி சொல்லியிருக்கிறார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் “கெனிச்சிரோவைத் தாண்டிட்டீங்களா?” என்று கேட்டால் இருவருக்கும் ஒரே பொருள் தருகிறதே, அது மதிப்புள்ள விஷயம்.

ஆனால் அந்த ஒரே தடை இப்போதும் ஒன்றாக இல்லை. தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ இல்லாத டிவியில் படம் வரவே 100 மில்லிநொடிக்கு மேல் தாமதமாகலாம். நல்ல மானிட்டரில் ஆடுபவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. நொடிக்கு 30 ஃப்ரேமில் (படத்தில்) ஓடும் பழைய லேப்டாப்பில் ஒரு ஃப்ரேம் 33 மில்லிநொடி, 60 ஃப்ரேமில் 16.7. எல்டன் ரிங்கில் ஆவிகளைக் கூப்பிடலாம், ஆன்லைனில் ஆள் கூப்பிடலாம், இன்னும் இருபது லெவல் ஏறிவிட்டு வரலாம். யூடியூபில் பார்த்துவிட்டு ஆடுபவரும் பார்க்காமல் ஆடுபவரும் ஒரே சண்டையை ஆடுவதில்லை. துப்புகள் எல்லாம் பூடகமான ஆங்கிலத்தில் இருக்க, தமிழ் வழியில் படித்து வந்த ஒரு பையன் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கும் கஷ்டம் யார் கணக்கிலும் வருவதில்லை. செகிரோவே மேல் பக்கமாக டிஃபிகல்டி தருகிறது. டீமன் பெல்லை அடித்தால் எதிரிகள் பலமாகிறார்கள். இரண்டாம் சுற்றிலிருந்து குரோவின் தாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், துல்லியமாகத் தட்டாத ஒவ்வொரு அடியும் உயிரைக் குறைக்கும். மேலே ஏற்ற இரண்டு படி வைத்தவர்கள் கீழே ஒரு படி வைத்தால் பொது அனுபவம் சிதறிவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொது அனுபவத்தைக் காப்பாற்றும் வழி ஏற்கனவே இருக்கிறது. இயல்புநிலை எதுவோ அதுதான் தயாரிப்பாளர் நினைத்த கேம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். லைஸ் ஆஃப் பி 2023-இல் ஒரே டிஃபிகல்டியோடு வந்தது. 2025 ஜூனில் கீழே இரண்டு நிலைகளைச் சேர்த்தார்கள், பழைய நிலைக்கு லெஜண்டரி ஸ்டாக்கர் என்று பெயர் வைத்து அப்படியே விட்டார்கள். அதில் ஜெயித்தவரின் பெருமை எங்கேயும் போய்விடவில்லை. ஸ்டார் வார்ஸ் ஜெடை: ஃபாலன் ஆர்டர் மெனுவில் அடியைத் தட்டிவிடும் பேரி நேரம், வாங்கும் டேமேஜ், எதிரியின் ஆவேசம் மூன்றையும் பட்டைகளாகவே வரைந்து காட்டும். தேர்வு செய்தால் எது மாறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 ஒரு படி மேலே போய் நம் உயிர், எதிரி, கூட்டாளி, ஒளிந்து போதல், பொருட்கள் என்று ஐந்தாகப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டது.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். நிஞ்சா கெய்டன் பிளாக்கில் ஆரம்பத்திலேயே அடுத்தடுத்து செத்தால் ‘நிஞ்சா டாக்’ ஆகிறாயா என்று கேட்டு, ஊதா ரிப்பன் கட்டிவிடுவார்கள். வுல்ஃபென்ஸ்டைனில் எளிய நிலைக்குக் குழந்தைத் தொப்பி போட்ட முகம். உதவி கேட்டவரை அவமானப்படுத்தினால் அந்த உதவியை யாரும் எடுக்கமாட்டார்கள், கேமை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

எளிதாக்கும் வழியே இல்லாத கேமை இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை.

முதலில் தாமதத்தை ஒழியுங்கள். டிவியில் கேம் மோட், முடிந்தால் கண்ட்ரோலருக்கு வயர். கிராஃபிக்ஸைக் குறைத்து ஃப்ரேமை 60-இல் நிலையாக வையுங்கள். ஏறி இறங்கும் 60-ஐவிட நிலையான 40 கைக்குப் பழகும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கண்ட்ரோலர் வாங்கினால் காசு கொடுக்குமுன் லேப்டாப்பில் செருகி, விண்டோஸின் கேம் கண்ட்ரோலர் சோதனைப் பலகையைத் திறந்து, குச்சியை நாலு திசைக்கும் தள்ளி விடுங்கள். கூட்டல் குறி ஒவ்வொரு முறையும் நடுவுக்கே திரும்ப வேண்டும். ஓரமாக நின்றால் அதை வாங்காதீர்கள். டாட்ஜ் தப்பான திசையில் போய்க்கொண்டே இருக்கும், பழியை நம் கைமேல் போட்டுக்கொள்வோம்.

எல்டன் ரிங் என்றால், டாரென்ட் குதிரை கிடைத்ததும் சர்ச் ஆஃப் எல்லேவுக்குத் திரும்பிப் போய் ரென்னா என்பவரிடம் ஆவிகளைத் துணைக்குக் கூப்பிடும் மணியை வாங்குங்கள். அவரைத் தவறவிட்டவர்களுக்கு ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இரட்டைக் கன்னியர் விற்கிறார்கள். மணியடித்துக் கூப்பிட்ட மூன்று ஓநாய்கள் பாஸின் கவனத்தைப் பிரிக்கும் அந்தச் சில நொடிகள்தான் உயிரேற்றும் குடுவை குடிக்கும் நேரம். ஆரம்ப பாஸ் மார்கிட்டிடம் மாட்டியிருந்தால் மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்பவரைக் கொல்லாமல் விட்டு, அவரிடம் 5,000 ரூனுக்கு (கேமின் காசு) மார்கிட்டின் விலங்கை வாங்குங்கள், முதல் பாதியில் அவனைச் சற்று நேரம் தரையோடு கட்டிப்போடும். உயிரைக் கூட்டும் விகர் (vigor) 40-ஐத் தொடும்வரை வேறு எதிலும் அதிகம் போடாதீர்கள். 40-இல் ஹெச்பி 1,450, 60-இல் 1,900. 40-க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகும்.

செகிரோவில் பாழடைந்த கோயில் முற்றத்தில் சாகாத ஹன்பே நிற்கிறார். மிகிரியையும் தட்டுவதையும் அவரிடமே பழகுங்கள். எவ்வளவு அடித்தாலும் எழுந்துகொள்வார், உங்களுக்கும் எந்த நஷ்டமும் இல்லை. பட்டாசுக் கருவி பாதி கேமுக்கு மேல் கைகொடுக்கும். பிசியில் வேகத்தைக் குறைக்கும் மாட் (வெளியார் செய்த மாற்றம்) உண்டு, ஆன்லைனில் மற்றவரோடு சேர்ந்தோ மோதியோ ஆடாத கேம் என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை. எல்டன் ரிங்கில் அப்படி இல்லை. ஏமாற்றைப் பிடிக்கும் ஈஸி ஆன்ட்டி-சீட் என்ற மென்பொருள் ஓடுகிறது, அதை நிறுத்தி ஆஃப்லைனில் மட்டும் ஆடாவிட்டால் கணக்குக்குத் தடை வரலாம். எதைச் செய்தாலும் முதலில் விண்டோஸில் ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டருக்குள் அந்த கேமின் பெயரில் இருக்கும் சேவ் ஃபோல்டரை நகல் எடுத்து வையுங்கள். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் சேவ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மொத்தமும் கெட்டுப்போகலாம், மழைக்காலத்தில் இந்த நகலைத் தினமும் எடுக்கலாம்.

கேம் செய்பவர்களுக்கு. 1997-இல் துருவா இன்டராக்டிவ் என்ற கேம் நிறுவனம் தொடங்கிய ஊர் இது, அதை 2019-இல் வாங்கிய ராக்ஸ்டாருக்கும் இங்கே ஸ்டூடியோ இருக்கிறது. சின்னக் குழுக்களில் நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் புரோகிராம் கோடு எழுதுகிறார்கள். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில், ஆட்ட வேகத்தைக் குறிக்கும் டைம்ஸ்கேலை 0.7 ஆக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அடிபடும் இடங்கள் இவை.

அடி விழும்போது ஒரு கணம் உறையவைக்கும் ஹிட்ஸ்டாப் கோடு, முடிந்ததும் டைம்ஸ்கேலை 1 என்று எழுதிவிட்டுப் போகும். முதல் அடியிலேயே அசிஸ்ட் வேகம் காணாமல் போய்விடும். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் மெனுவை மூடும் கோடும் இதையே செய்யும். 1 என்று எங்கேயும் நேராக எழுதாமல், ஆடுபவர் தேர்ந்தெடுத்த வேகத்தை ஒரே இடத்தில் வைத்து அதற்குத் திரும்புங்கள். ஒலி டைம்ஸ்கேலைப் பின்பற்றாது. வாள் ஓங்கும் சத்தம் பழைய வேகத்திலேயே முடிந்துவிடும், காதால் நேரம் பார்ப்பவர் ஏமாறுவார். எச்சரிக்கை ஒலிகளின் பிட்சை அதே விகிதத்துக்கு இறக்குங்கள், இசையை விட்டுவிடலாம். ஃபிசிக்ஸ் நொடிக்கு 50 முறை ஓடியது 35 ஆகிவிடுவதால் அசைவு வெட்டி வெட்டி வரும். ஃபிசிக்ஸின் இடைவெளியான ஃபிக்ஸ்டு டெல்டாவை 0.014 ஆக்கினால் சரியாகும், ஆனால் குதிக்கும் உயரம் மயிரிழை மாறக்கூடும், பிளாட்ஃபார்மரில் அதுவே போதும் எட்டவேண்டிய மேடை எட்டாமல் போக. அசைவின் இடைவெளிகளை நிரப்பும் இன்டர்போலேஷனை ஆன் செய்வது பாதுகாப்பு. பொத்தானை அரை நொடி அழுத்திப் பிடித்தால் பலத்த அடி என்று வைத்திருந்தால் அது 0.71 நொடியாக நீளும், வலிக்கும் கைக்கு உதவத்தான் மெதுவாக்கினோம் என்பதை மறந்தது மாதிரி ஆகும். பிடிக்கும் நேரத்தை மட்டும் ஸ்கேல் செய்யாத நேரத்தில் எண்ணுங்கள். சற்று முன்கூட்டியே அழுத்திய பொத்தானை நினைவில் வைக்கும் இன்புட் பஃபர் நீள்வது நல்லது, அதைத் தொட வேண்டாம்.

நேரம் குறைவாக இருந்தால் முதலில் பாஸ் வாசலில் மறுபிறப்பு, பிறகு பொத்தான்களை மாற்றும் வசதி, அதற்கும் பிறகு வேகம். எல்லாமே ஆட்டத்தின் நடுவில், சண்டையின் நடுவிலும்கூட, மாற்றும்படி இருக்கட்டும். ஆரம்ப மெனுவில் ஒரே தடவை கேட்டுப் பூட்டிவிட்டால், கேமை இன்னும் பார்க்காதவரிடம் பதில் கேட்கிறீர்கள். அடி படாத நிலையைக் கடைசியில் சேர்த்தால், அதை ஆன் செய்து மொத்த கேமையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்தவர் சாகவும் முடியாமல் ஏறவும் முடியாமல் மாட்டிக்கொள்வார், அவரை மேலே தூக்கிப்போட ஏதாவது வேண்டும். கதைக்காகத் தோற்றே ஆகவேண்டிய சண்டை ஒன்று இருந்தால் அது முடியவே முடியாது, அந்த ஒன்றுக்கு மட்டும் நேர வரம்பு வையுங்கள்.